துறைமுகத்துக்கு ஒரு நர்ஸ்

என் மகள் நர்ஸ் என்று சொன்னால், எந்த நாட்டில் என்பதுதான் அடுத்த கேள்வி. எங்கள் கடற்கரையில் மட்டும் இல்லை. கிழக்கே அஞ்சுகிராமம் வரைக்கும் கன்னியாகுமரி மாவட்டம் முழுக்க இதே கேள்விதான். நர்ஸ் என்றால் குவைத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அயர்லாந்தில். வெளிநாட்டில் எல்லாம் இல்லை, இங்கேதான் இரணியலுக்குப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் என்று சொன்னதும் கேட்டவரின் முகம் வாடிவிடும். "ஓ, ஏ.என்.எம்.மா" என்பார். பிள்ளைக்கு ஒரு கால் குட்டை என்று நான் சொன்னதுபோல இருக்கும் அந்த ஓ.

ஏ.என்.எம். என்றால் இரண்டு வருஷப் படிப்பு. பெரிய நர்ஸ் படிப்புக்கு அதைவிடக் கூடுதல் வருஷம் வேண்டும். ஆனால் இதுவும் பரீட்சை எழுதித் தேறி, சட்டப்படி பதிவு செய்து, வெள்ளை உடுப்புப் போடுகிற படிப்புதான். யாரும் பிச்சை போட்டதில்லை. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கரையில் நின்று கரமடி வலை இழுக்கிற ஆட்களோடு வடம் பிடித்து உள்ளங்கை தோல் உரிந்து வளர்ந்தவன். இன்றைக்கு எனக்கு ஆழ்கடலுக்குப் போய் மாதக்கணக்கில் தங்கி மீன் பிடிக்கிற போட்டு இரண்டு இருக்கிறது. எங்கள் துறைமுகத்தில் புதிதாகப் போட்டு இறக்குகிற எவனும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இறக்குவதில்லை. அப்பன் சொத்து ஒரு முழம் கயிறு கூடக் கிடையாது. படிப்பைப் பார்த்து ஆளை அளக்கிற வழக்கம் இருந்திருந்தால் என்னை எந்தக் கடலும் உள்ளே விட்டிருக்காது. அதனால்தான் அந்த ஓவைக் கேட்டால் எனக்கு இன்றும் உடம்பு எரிகிறது.

முதியோர் இல்லத்து வேலை கேவலம் என்று நான் சொல்லவரவில்லை. நான் போய்ப் பார்த்திருக்கிறேன். மூக்கில் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றுவது, மூத்திரக் குழாய் மாற்றுவது, படுத்தே கிடந்து முதுகு புண்ணானவர்களைத் திருப்பிப் போட்டு மருந்து வைப்பது, ஊசி போடுவது, கடைசி மூச்சு போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது, எல்லாம் அவள்தான் செய்தாள். பெற்ற பிள்ளைகள் துபாயிலிருந்து போனில் முகம் காட்டிவிட்டு வைத்துவிடுவார்கள். அவர்கள் ஊருக்கு வரும்போது என் மகளைக் கூப்பிடுகிற விதத்தைப் பார்க்க வேண்டும். "ஏ புள்ளே, இங்க வா." அம்மாவின் உடம்பைத் தொட அருவருத்து வாசல்நிலையில் நிற்கிறவர்கள், தொட்டுக் குளிப்பாட்டுகிறவளைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார்கள்.

அங்கேதான் அவளுக்கு முதுகு போனது. பெரிய உடம்புக்கார மனுஷர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், குளியலறையில் வழுக்கி விழப்போனார். கூட ஒரு ஆள் இல்லை. தனியாகத் தாங்கிப் பிடித்தாள். அவர் விழவில்லை. இவள் இடுப்புக்கு மேலே ஏதோ பிசகியது. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முதுகெலும்புத் தட்டு விலகியிருக்கிறது, நடக்கலாம், நிற்கலாம், இனி ஒரு காலமும் ஆளைத் தூக்கக்கூடாது என்றார். இல்லத்துக்காரர்களிடம் போய் இதைச் சொன்னதும் அவர்கள், தூக்க முடியாவிட்டால் இங்கே என்ன வேலை செய்வாய் என்று கேட்டார்கள். அவ்வளவுதான். ஒரு பழக்கூடையும் சால்வையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மஸ்கட்டில் இருக்கிற என் மருமகன் போனில், இனி வேலைக்கே போகவேண்டாம், வீட்டில் இரு என்று சொல்லிவிட்டான். என் மனைவியும் அதே பாட்டு. நர்ஸ் உடுப்பைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டுப் பேசாமல் தையல் படி என்றாள். அன்றைக்கு மகள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்ன வார்த்தை எனக்கு நினைவிருக்கிறது. உட்கார அவளால் முடியவில்லை.

"தூக்க முடியாதுன்னா நான் நர்ஸ் இல்லாம ஆயிருவனா? அப்ப இவ்வளவு நாளும் என்னை சுமட்டுக்காரின்னுதான் வச்சிருந்தாங்களா?"

அப்போதே முடிவு செய்தேன். இவள் வெள்ளை உடுப்போடுதான் இருப்பாள். ஆளைத் தூக்காத நர்ஸ் வேலை இந்த மாவட்டத்தில் ஒன்றுகூடவா இல்லாமல் போய்விடும்? இல்லையென்றால் நான் உண்டாக்குவேன் என்று சொன்னேன். சொன்னதைச் செய்யாதவன் என்று என்னை யாரும் சொன்னது கிடையாது.

முதலில் நாகர்கோவிலில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி. எங்கள் கடற்கரை வழக்கப்படி வெறுங்கையோடு ஒரு பெரிய மனுஷரைப் பார்க்கப் போகக்கூடாது. அன்று விடியற்காலை வந்த நெய்மீனில் நல்லதாக ஒன்றை ஐஸ் போட்டு எடுத்துக்கொண்டு மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். மேனேஜர் நெற்றியில் திருநீறு. மீன்பெட்டியைப் பார்த்ததும் நாற்காலியோடு ஒரு அடி பின்னால் போனார். சரி, சைவம் என்று எனக்குத் தெரியாது. மரியாதைக்குக் கொண்டுவந்தது, காவல்காரருக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அதில் எனக்குக் கோபம் இல்லை. மகளின் சான்றிதழை அவர் விரலால் தள்ளிவிட்டதில்தான் கோபம்.

"ஏ.என்.எம்.தானே? ஸ்டாஃப் நர்ஸா எடுக்க முடியாது. அசிஸ்டெண்டா வேணும்னா போடலாம். பேஷண்டை பெட்ல இருந்து மாத்தணும், டயப்பர் பாக்கணும், ஸ்ட்ரெச்சர் தள்ளணும்."

அதைச் செய்யத்தான் முடியாது என்று வந்திருக்கிறோம் என்றாள் மகள். வெளிநோயாளிப் பிரிவில் பிரஷர் பார்க்கலாம், ஊசி போடலாம், தடுப்பூசிக் கணக்கு வைக்கலாம், சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் புண் கட்டலாம் என்று அவளே சொன்னாள். அதற்கெல்லாம் பெரிய படிப்புக்காரர்கள் இருக்கிறார்களாம். இவளுக்கு முதியோர் இல்லத்து அனுபவம்தானே இருக்கிறது என்றார். அனுபவத்தை ஒரு கறைபோலச் சொல்கிற மனுஷரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். என் போட்டில் ஒருவன் புயலில் நின்றவன் என்றால் அவனுக்கு நாங்கள் முதல் இடம் கொடுப்போம். இவர்கள் என்னடாவென்றால், நீ புயலில்தானே நின்றாய், அமைதியான கடலில் நிற்கத் தெரியுமா என்று கேட்கிறார்கள்.

பிறகு ஒரு தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம். நோயறைக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்று கேள்விப்பட்டு மகளே போய்ப் பேசி வேலை வாங்கினாள். தூக்குகிற வேலை இல்லை. கட்டில் இரண்டு, ஒரு அலமாரி, ஜன்னலுக்கு வெளியே தென்னை. எனக்கும் நிம்மதி. ஆனால் நர்ஸ் என்று கூப்பிட அங்கே யாருக்கும் வாய் வரவில்லை. ஆயாம்மா என்றார்கள். சமையலறையில் முட்டை எண்ணச் சொன்னார்கள், பெண்பிள்ளைகளின் பாவாடை நீளம் பார்க்கச் சொன்னார்கள். அதையும் செய்தாள். ஒரு நாள் ஒரு பிள்ளைக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல். வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று இவள் சொல்ல, பரீட்சை முடியட்டும், அதற்குள் அப்பன் அம்மைக்குச் சொல்லாதே என்று நிர்வாகம் சொல்லியிருக்கிறது. இவள் நேராகப் பிள்ளையின் வீட்டுக்குப் போன் பண்ணிவிட்டு, அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். சரிதான் மோளே, நீ எனக்க ரத்தம் என்று நான் சொன்னேன். அந்த வார்த்தை கொஞ்ச நாளில் எனக்கே திரும்பி வரும் என்று அப்போது தெரியாது.

கிராம சுகாதார நர்ஸ் வேலைக்கு அரசாங்கத்தில் பதிந்து வைத்திருந்தாள். அது இந்த ஏ.என்.எம். படிப்புக்கே உரிய வேலை, நல்ல வேலை. ஆனால் அழைப்பு எப்போது வரும் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். டோக்கன் கொடுக்கவா இரண்டு வருஷம் படித்தாள் என்று நான் கேட்டுவிட்டு வந்தேன்.

இப்படி எங்கும் ஒன்றும் அமையாமல் இருக்கும்போதுதான் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. அந்த நாட்களில் எங்கள் போட்டுகள் கரையில் நிற்கும். பெயிண்ட் அடிப்போம், எஞ்சினைப் பிரித்துப் பார்ப்போம், வலையைச் சரிபண்ணுவோம். தடை முடிகிற சமயத்தில் அரிசி, தண்ணீர், காய்கறி என்று மாதத்துக்கு வேண்டிய சாமான்களை ஏற்றத் தொடங்குவோம். என் பெரிய போட்டுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தேன். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டில் சுவரைப் பார்த்து நிற்பதற்குப் போட்டைப் பார்த்து நிற்கலாமே.

போட்டில் டிரைவர் இருந்தான். எங்கள் பக்கம் போட்டை ஓட்டுகிறவனை டிரைவர் என்றுதான் சொல்வோம். என்னோடு இளவட்டத்திலிருந்தே இருக்கிறவன், கடலில் அவன் சொன்னதுதான் சட்டம். அவன் சாமான்களோடு சாமானாக ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவை ஏற்றினான். அது என்ன என்று மகள் கேட்டாள். மருந்து டப்பா என்றான். திறந்து பார்த்தாள். உள்ளே நிறம் நிறமாக மாத்திரைகள், பாதி அட்டை, கால் அட்டை, அட்டை இல்லாமல் உதிரியாக ஒரு பிடி.

இது எங்கள் கடற்கரையில் பழைய வழக்கம். போட்டு புறப்படுகிற சமயம் ஆட்களின் வீட்டுப் பெண்கள் வீட்டில் மிச்சம் வந்த மாத்திரைகளை எல்லாம் போட்டுக்குக் கொடுத்து விடுவார்கள். கரையிலே இருக்கிறவர்களுக்கு டாக்டர் பக்கத்தில் இருக்கிறார், கடலில் கிடக்கிறவனுக்கு ஆகட்டும் என்ற நல்லெண்ணம்தான். டிரைவர் பெருமையாக விளக்கினான். வெள்ளை காய்ச்சலுக்கு, மஞ்சள் வயிற்றுக்கு, சின்ன ரோஸ் தலைவலிக்கு.

மகள் அந்த ரோஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மாமா, இது பிரஷர் மாத்திரை. தலைவலிக்கு இதைத் தின்னவன் எப்படி இருந்தான்?"

"நல்லா உறங்கினானே."

"உறங்கினானா, மயங்கிக் கெடந்தானா?"

டிரைவர் என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன். அவள் இன்னும் கிளறினாள். சர்க்கரைக்கு உள்ளது, வலிப்புக்கு உள்ளது, யாரோ ஒருத்தியின் தைராய்டு மாத்திரை, இன்னும் ஒன்றைக் காட்டி, இது பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்கிறது, உங்கள் போட்டில் யாருக்கு இது என்றாள். பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். "ஐஸ் வெட்டுகவனுக்கு, அவனுக்குத்தான் வயிறு பெருசா இருக்கு" என்று ஒருவன் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. உங்களில் யாருக்கெல்லாம் சர்க்கரை, பிரஷர் இருக்கிறது என்று கேட்டாள். சிரிப்பு நின்றுவிட்டது. கடல்காரனுக்கு ஏது மோளே சர்க்கரை என்றான் டிரைவர். எல்லோரும் வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில், ஏன் மறைக்கிறார்கள் என்று கேட்டாள். எனக்குத் தெரியாதா? சர்க்கரை இருக்கிறவனுக்குக் காலில் தூண்டில் கிழித்தால் ஆறாது. மயங்கி விழுந்தால் போட்டைத் திருப்ப வேண்டும். திருப்பினால் அத்தனை பேரின் பங்கும் போகும். அதனால் சர்க்கரை என்று தெரிந்தால் எந்தப் போட்டுக்காரனும் ஏற்றமாட்டான். நானும் ஏற்றமாட்டேன் என்றேன். போட்டு நடத்துகிறவன் வேறு என்ன செய்வான்?

மறுநாள் காலையில் வந்து எதிரில் நின்று திட்டத்தைச் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள். துறைமுகத்தில் ஐஸ் பிளாண்டுக்குப் பக்கத்தில் ஒரு காலி அறை கிடக்கிறது. அதில் ஒரு மேசை போட்டு உட்காருவாள். கடலுக்குப் போகிற ஒவ்வொருவனுக்கும் புறப்படும் முன் பிரஷரும் சர்க்கரையும் பார்ப்பாள். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை உள்ளவனுக்கு அந்தப் பயணத்துக்கு வேண்டியதை வேளை வேளையாகப் பிரித்துப் பையில் போட்டு அவன் கையிலேயே கொடுப்பாள். எழுதாத மாத்திரை எதையும் கொடுக்கமாட்டாள். சந்தேகம் உள்ளவனை டாக்டரிடம் அனுப்புவாள். பக்கத்து கிளினிக் டாக்டர் ஒருவரிடம் பேசி, வாரம் ஒரு முறை வர அவரும் சம்மதித்துவிட்டார். போட்டுக்கு ஒரு நல்ல முதலுதவிப் பெட்டி. கடலில் யாருக்காவது ஏதாவது என்றால் சாட்டிலைட் போனில் அவளைக் கூப்பிடலாம். ஆளைத் தூக்குகிற வேலை ஒன்றுகூட இதில் இல்லை. போட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து சம்பளம் தர வேண்டும், நர்ஸ் என்ற பேரில்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த வாரமே போட்டுக்காரர்களின் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். நான் எழுந்தால் மற்றவர்கள் உட்காருவார்கள். ஆனால் அன்றைக்குச் சிரித்தார்கள்.

"ஓய், மோளுக்கு வேலை வேணும்னா நேரா கேளும். கடலுக்கு எதுக்குவே நர்ஸ்? சுறாவுக்கு ஊசி போடவா?"

முதியோர் இல்லத்தில் கிழவிகளைப் பார்த்தவளுக்குக் கடல்காரனைப் பற்றி என்ன தெரியும் என்றார்கள். கிழவிக்கு வந்தாலும் கடல்காரனுக்கு வந்தாலும் சர்க்கரை சர்க்கரைதானே என்று நான் கேட்டேன். போன வருஷம் நடுக்கடலில் வாய் கோணிப்போய் வந்தவனை யார் தூக்கிக்கொண்டு ஓடியது என்று கேட்டேன். குரல் கொஞ்சம் தாழ்ந்தது. கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்கள். எவனுக்கு என்ன நோய் என்று அவள் போட்டுக்காரனுக்குச் சொல்லிவிட வேண்டும். அது நியாயம் என்று எனக்கும் பட்டது. சம்பளம் கொடுக்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா? தலையை ஆட்டிவிட்டு, ஜெயித்த மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

மகள் முழுக்கக் கேட்டுவிட்டு, முடியாது என்றாள்.

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் தாள் பற்றிக்கொள்ளும். இவளுக்காக மீன்பெட்டி சுமந்தது யார், நாற்பது பேர் முன்னால் சிரிப்பு வாங்கியது யார்?

"யாருக்கு என்ன தீனம்னு எனக்குச் சொல்லாண்டாமா? எனக்க போட்டு, எனக்க ஆளு."

"உங்களுக்கும் சொல்ல மாட்டேன் அப்பா. சொன்னா ஒருத்தனும் அந்த அறைக்குள்ள வரமாட்டான். பழையபடி டப்பாவுல கையை விட்டுத் திம்பான்."

"பள்ளிக்கூடத்துல சொல்லியே தீருவேன்னு சண்டை போட்டுட்டு வந்தவதானே நீ. இங்க சொல்ல மாட்டேன்னு சண்டையா?"

"அங்க சொன்னாத்தான் பிள்ளைக்கு நல்லது. இங்க சொல்லாம இருந்தாத்தான் ஆளுக்கு நல்லது. ரெண்டுலயும் நான் யாருக்க பக்கம் நிக்கேன்னு பாருங்க."

கடலுக்குப் போகக்கூடாத அளவு மோசமாக இருக்கிறவனிடம் என்ன செய்வாய் என்று கேட்டேன். அவனிடமும் டாக்டரிடமும் சொல்வேன், டாக்டர் நிறுத்தச் சொன்னால் அவனே நிற்பான், காரணம் உங்களுக்கு வரவேண்டியதில்லை என்றாள். நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. என் மனைவி, அப்பனுக்கும் மோளுக்கும் ஒரே மண்டை, முட்டினா ரெண்டும் உடையும் என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த கூட்டத்துக்கு அவளே வந்தாள். வெள்ளை உடுப்பு, இடுப்பில் பெல்ட். நாற்காலி போட்டார்கள், நின்றுகொள்கிறேன் என்றாள். தன் நிபந்தனையைச் சொன்னாள். கூட்டம் கொதித்தது. அப்படியானால் நாங்கள் எதற்குச் சம்பளம் தர வேண்டும் என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். அப்போது முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்தார். எனக்குச் சமமாகப் போட்டு வைத்திருக்கிறவர், வாயும் அதற்குத் தக்கபடி.

"பீ அள்ளுன கைக்கு இம்புட்டு அதிகாரமா?"

என் கண் இருட்டிவிட்டது. ஏனென்றால் அந்த மனுஷரைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். அவருடைய அம்மா திருவனந்தபுரத்தில் மூத்த மகள் வீட்டில் சுகமாக இருக்கிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அந்த அம்மா இருந்தது இரணியல் பக்கத்து முதியோர் இல்லத்தில். ஒரு நாள் மகளை அழைக்கப் போனபோது அந்த வாசலில் அவரை நான் கண்ணால் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வீட்டில் வந்து மகளிடம் கேட்டதற்கு, எனக்குத் தெரியாது என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். அந்த அம்மாவைக் குளிப்பாட்டியது எந்தக் கை என்று அந்தக் கூட்டத்தின் நடுவில் சொல்லிவிட நான் எழுந்தேன்.

"ஓய், உமக்க அம்ம எங்க..."

அவ்வளவுதான் சொன்னேன். மகள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, அது உங்க வாயில வரக்கூடாது. இருங்க."

எங்கள் துறைமுகத்தில் என்னை அப்படி ஒரு சொல்லால் உட்கார வைத்தவர் அதுவரை யாரும் இல்லை. உட்கார்ந்தேன். சபையில் மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்த மனுஷருக்குப் புரிந்தது. அவர் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். என் மகளுக்கு எல்லாம் தெரியும் என்பதும், இத்தனை நாளும் அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை என்பதும், இப்போது சொன்னால் ஜெயிக்கலாம் என்ற இடத்திலும் சொல்லவில்லை என்பதும் அவருக்கு ஒரே சமயத்தில் தெரிந்துவிட்டது. அவருடைய பெயரை இங்கேயும் நான் எழுதவில்லை. அவருக்காக அல்ல, அவளுக்காக.

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"அவ சொல்லுகபடியே இருக்கட்டும். வாயைப் பூட்டத் தெரிஞ்சவ."

அவரே சொன்ன பிறகு மற்றவர்கள் என்ன சொல்ல? முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்கள். வெளியே வந்ததும் ஒரு நாலு பேர், அவர் எதற்கு அப்படிப் பொசுக்கென்று மாறினார் என்று என்னிடம் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன். அந்த இரண்டு சொல்லைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஐஸ் பிளாண்டுக்குப் பக்கத்து அறைக்குக் கதவு இல்லை. கதவு இல்லாமல் ஒருவனும் வாய் திறக்கமாட்டான் என்றாள். நல்ல ஆஞ்சிலிப் பலகையில் நானே கதவு போட்டுக் கொடுத்தேன். அந்தக் கதவை எனக்கு எதிரிலேயே அடைத்தாள். முதல் நாள் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. வலை பின்னுகிறவர்கள் தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டு, நர்சம்மைக்கு ஈ ஓட்டத்தான் சம்பளமா என்று கேலி பண்ணினார்கள். அந்த நாட்களில் நான் துறைமுகத்தில் யாரோடும் நன்றாகப் பேசவில்லை. இவர்களுக்காகத்தானே அவள் பெற்ற அப்பனையே எதிர்த்து நின்றாள்? அது இந்த மடையர்களுக்குத் தெரியவில்லையே என்று இருந்தது.

பிறகு ஒரு பையில் அறுந்த செருப்பை எடுத்துக்கொண்டு, தைக்கக் கொடுக்கப் போகிறவன் மாதிரி ஒருவன் அறைக்குள் போனான். அரை மணி நேரம் வெளியே வரவில்லை. அவன் வந்தபிறகு இன்னொருவன். வயிற்றுவலி என்று ஒருவன், மூக்குக்கண்ணாடி என்று ஒருவன். இரண்டு வாரத்தில் கதவுக்கு வெளியே பெஞ்சு போட வேண்டி வந்தது. அதில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் நான் போய் நின்றால் பேச்சை வலைக்கு மாற்றிவிடுவார்கள். என் காசில் போட்ட பெஞ்சு. என் ஆட்கள். நான் வந்தால் ஊமைகள்.

என் போட்டு புறப்படுகிற அன்று, ஐஸ் ஏற்றி முடிந்த பிறகு டிரைவர் என் பக்கம் வந்தான். தலையைச் சொறிந்தான். அவன் தலையைச் சொறிந்தால் ஏதோ கேட்கப்போகிறான்.

"ஒரு சின்ன ஐஸ் பெட்டி வேணும். மீன் பெட்டி இல்லை, தனியா. வீல் ஹவுசுல, நான் ஓட்டுக அறையில வைக்க. ஐசுல முட்டாம மருந்து இருக்கணுமாம். உமக்க மோள் சொன்னா."

ஐஸில் முட்டாமல் குளிரில் வைக்கிற மருந்து என்ன என்று எனக்குத் தெரியாதா? முதியோர் இல்லத்தில் மகள் போட்டுக்கொண்டிருந்த இன்சுலின் ஊசிமருந்து அப்படித்தான் இருந்தது. சர்க்கரை அந்த அளவுக்கு ஏறின ஒருவன் என் போட்டில் போகிறான். யார்? டிரைவரா? ஐஸ் வெட்டுகிறவனா? டிரைவர் தனக்காகக் கேட்கிறானா, அடுத்தவனுக்காகக் கேட்கிறானா? போன வருஷம் என்றால் போட்டின் மேலேயே வைத்து ஒவ்வொருவனாகக் கேட்டு, ஆளைக் கண்டுபிடித்து, பையோடு இறக்கி விட்டிருப்பேன். எனக்கு உரிமை இருக்கிறது என்று இன்றும் சொல்கிறேன். இந்த வழக்கில் நான் தோற்றேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அறைக் கதவு பாதி திறந்திருந்தது. மகள் வாசலில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் பார்த்துச் சம்மதித்த பிறகுதான் ஏற்றியிருப்பாள், அதுவும் தெரியும்.

நான் கடைக்கு ஆளை அனுப்பி ஒரு பெட்டி வாங்கி வரச் சொன்னேன். நல்ல கனத்த மூடி உள்ளதாக. அது வந்ததும் நானே போட்டில் ஏறி வீல் ஹவுசில் வெயில் படாத மூலையில் வைத்தேன். ஆட்கள் எல்லோரும் நின்றார்கள்.

"இதுல எவனாவது மீனோ சோடாவோ வச்சான்னு கேட்டேன், கடலுக்கு வந்து அடிப்பேன்" என்றேன்.

ஒருவன் மட்டும் அந்த மூலையைக் கையால் துடைத்துவிட்டான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இறங்கி வருவதுதான் பெரிய பாடாக இருந்தது.